டிராக்டரின் பின் அச்சு: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழைக்கு நடுவே, கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி என்னைப் பார்க்க வந்தார். அவருடைய டிராக்டரில் இரண்டு பின் சக்கரங்களின் உட்புறமும் எண்ணெய் கசிந்து டயர் வரை வழிகிறது என்றார். அந்தப் பருவத்தில் மட்டும் இரண்டு முறை ஆயில் சீல் மாற்றியாகிவிட்டதாம். "இப்ப வர்ற சீல் தரமில்ல போலிருக்கு சார். எந்தக் கம்பெனி சீல் வாங்கலாம்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். சீலை நான் தொடவில்லை. வண்டியின் மேல் ஏறி, பின் அச்சு உறையின் மேல்மூடியைத் துடைத்துப் பார்த்தேன். பிரீதர் எனப்படும் காற்றுப் போக்கி இருக்க வேண்டிய துளையில் ஒரு சாதாரண போல்ட் முறுக்கப்பட்டிருந்தது. விசாரித்ததில் விவரம் தெரிந்தது. ஓராண்டுக்கு முன் எண்ணெய் மாற்றியபோது அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார்கள். அதனால் ஓட்டும்போது எண்ணெய் நுரைத்து பிரீதர் வழியே வெளியே தெறித்தது. 'கசிவை' நிறுத்துவதற்காக ஒருவர் பிரீதரைக் கழற்றிவிட்டு போல்ட்டைப் போட்டு அடைத்துவிட்டார். அடைத்த இடத்தில் கசிவு நின்றது. அடைக்காத இரண்டு இடங்களில், அதாவது இரண்டு அச்சு முனைகளிலும், தொடங்கியது.

பிரீதரைப் பொருத்தி, எண்ணெயை அளவாக ஊற்றி, மூன்றாம் முறை சீல் மாற்றிய பிறகு கசிவு நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டே பேரிங்குகளையும், கிரவுன் பினியன் ஜோடியையும் மாற்ற வேண்டி வந்தது. சில ரூபாய் பெறும் ஒரு சிறு மூடியில் ஆரம்பித்த காரியம், அந்தக் குடும்பத்தின் ஒரு போக நெல் வருமானத்தை விழுங்கிவிட்டது.

பின் அச்சில் எது நம் கை வேலை, எது பட்டறை வேலை என்ற எல்லை தெரிந்திருந்தால் இப்படிப்பட்ட செலவுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதற்கு முதலில் அந்த உறைக்குள் என்ன நடக்கிறது என்பது புரிய வேண்டும்.

நுகத்தடியும் பிணையல் மாடும்

களத்தில் பிணையல் அடித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் நிற்கும் மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பும். வெளி ஓரத்து மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றும். டிராக்டர் திரும்பும்போது அதன் பின் சக்கரங்களுக்கும் இதே நிலைமைதான். இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்போரத்தில் ஓர் அரைவட்டம் திரும்பினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 4 மீட்டர் அதிகமாக உருள வேண்டும். ஓர் ஏக்கரை 2 மீட்டர் அகலக் கலப்பையால் உழுது முடிக்க முப்பது முறையாவது திரும்புகிறோம்.

மாட்டு வண்டியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அச்சு சும்மா இருக்கிறது. கடையாணிக்கு உட்பட்டு ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றிக்கொள்கிறது. டிராக்டரிலோ இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே தண்டிலிருந்து சக்தி போகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் திரும்பும்போது டயர் தேயும் அல்லது அச்சு முறியும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் டிபரன்ஷியல். 1820-களின் கடைசியில் பிரான்ஸ் நாட்டுக் கடிகார வல்லுநர் ஒனெசிபோர் பெக்கர், நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். இன்று வரை அடிப்படை மாறவில்லை.

கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டின் முனையில் இருப்பது பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து ஒரு கூடு சுற்றும். கூட்டுக்குள் குறுக்கு ஊசியில் கோத்த சிறு பற்சக்கரங்கள் உண்டு. அவற்றை நம் மெக்கானிக்குகள் ஸ்டார் பினியன் என்பார்கள். அவற்றின் இருபுறமும் கடித்து நிற்பவை சன் கியர்கள். சன் கியரிலிருந்து அச்சுத் தண்டு, அதிலிருந்து சக்கரம். சில மாடல்களில் சக்கரத்துக்கு முன் இன்னொரு ஜோடிப் பற்சக்கரம் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும்.

ஸ்டார் பினியனை ஒரு நுகத்தடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விசை, இரண்டு முனைகளிலும் இரண்டு மாடுகள். இரண்டும் சமமாக நடந்தால் நுகம் நேராக இருக்கும். ஸ்டார் பினியன் தன் ஊசியில் சுற்றாமல் கூட்டோடு சேர்ந்து போகும். ஒரு மாடு முந்தினால் நுகம் கோணும். ஸ்டார் பினியன் தன் ஊசியில் உருண்டு அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும். நுகத்தடிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு மாடு கால் ஊன்றாமல் தளர்ந்துவிட்டால், மற்ற மாடு எவ்வளவு பலசாலியானாலும் நுகம் கோணுமே தவிர ஏர் நகராது. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது டிராக்டர் நின்றுவிடுவதன் காரணம் இதுதான். நிற்கும் சக்கரத்துக்கும் சேர்த்து, வழுக்கும் சக்கரம் கிரவுனைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அப்போது ஸ்டார் பினியன்களும் குறுக்கு ஊசியும் படும் பாடு அதிகம். இந்த இரண்டு மடங்கு வேகத்தை நினைவில் வையுங்கள்; ஜாக்கி போடும் இடத்தில் மறுபடியும் வரும்.

மூச்சு விடாத அச்சு

உழவின்போது எண்ணெயும் உறைக்குள் இருக்கும் காற்றும் சூடேறும். சூடேறிய காற்று விரியும். பிரீதர் திறந்திருந்தால் அது வெளியேறிவிடும். அடைத்திருந்தால் உள் அழுத்தம் கூடி, சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். நம்முடைய கல்லல் விவசாயிக்கு நேர்ந்தது அதுதான்.

இதைவிடக் கெடுதலானது குளிரும்போது நடப்பது. உள்ளே காற்று 70 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். வண்டியைச் சூடு ஆறுவதற்குள் கண்மாயிலோ ஊருணியிலோ இறக்கிக் கழுவுகிறோம். காற்று 35 டிகிரிக்கு இறங்கினால் அதன் கன அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். உறைக்குள் 10 லிட்டர் காற்று இருந்தால் ஒரு லிட்டர் அளவுக்கு வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வந்தே ஆக வேண்டும். பிரீதர் சுத்தமாக இருந்து, தண்ணீருக்கு மேலும் இருந்தால் காற்று வரும். பிரீதர் செம்மண் பூசி அடைத்திருந்தால், தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் அச்சு முனையின் தேய்ந்த சீல் வழியே சேற்று நீர் உறிஞ்சப்படும். சீல் எண்ணெயை உள்ளே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து உறிஞ்சும் நீரைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டியல்ல.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களின் செம்புறை மண் இந்த வகையில் பொல்லாதது. கோடையில் மாவுபோல் பறந்து எண்ணெய்ப் பசையுள்ள எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். மழையில் நனைந்து காய்ந்தால் காரைபோல் இறுகும். சீல் உதட்டில் படிந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல அச்சுத் தண்டில் ஒரு பள்ளக் கோடு விழும். தொளி உழவு முடிந்த ஒவ்வொரு நாளும் பிரீதரைத் துடைப்பது இரண்டு நிமிட வேலை. மாதம் ஒரு முறை கழற்றி டீசலில் அலசி, வாயால் ஊதிப் பாருங்கள்; காற்றுப் போக வேண்டும். அது இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் அச்சு உறையின் மேல், சிலவற்றில் ஹைட்ராலிக் மூடியின் மேல், சிலவற்றில் எண்ணெய் ஊற்றும் மூடியோடு சேர்ந்தே இருக்கும். வண்டியைக் கழுவும் முன் ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். ஊருணியில் இறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அது வண்டிக்காக மட்டும் சொல்வதல்ல. ஊர் குடிக்கும் தண்ணீர் அது.

எண்ணெயைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உறையைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்வது எண்ணெய் ஒன்றுதான். வண்டியைச் சமதளத்தில் இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் எஞ்சினை ஓட்டுவதற்கு முன் கீழேயுள்ள வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் சிறிது பிடியுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கி முதலில் வரும். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் சூடான பழைய இரும்புக் கரண்டியில் இரண்டே சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பால் நிற எண்ணெயைத் தெளிய வைத்து மறுபடியும் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வீண் சிக்கனம். பல டிராக்டர்களில் இதே எண்ணெய்தான் ஹைட்ராலிக் பம்புக்கும் போகிறது. பின் அச்சோடு சேர்ந்து லிப்டும் கெடும். முழுவதையும் வடித்து, புது எண்ணெய் ஊற்றி, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் டம்ளர் சோதனை செய்யுங்கள். இன்னும் வெளுத்திருந்தால் இன்னொரு முறை மாற்றத்தான் வேண்டும். முப்பது லிட்டர் அளவு பிடிக்கும் மாடல்கள் பல இருப்பதால் மனம் தயங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் கலந்த எண்ணெயோடு வண்டியை நிறுத்தி வைப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். நம் மாவட்டத்தில் சம்பா அறுவடை முடிந்தால் பல டிராக்டர்களுக்கு மாதக் கணக்கில் வேலை குறைவு. அந்த ஓய்வு மாதங்களில்தான் பேரிங் உருளைகளில் துரு பிடித்து ஊசிமுனைக் குழிகள் விழுகின்றன. அடுத்த ஆவணியில் அந்தக் குழிகளிலிருந்து செதில் பெயரத் தொடங்கும். விவசாயி புரட்டாசி உழவைக் குற்றம் சொல்வார். குற்றம் நடந்தது மாசியில்.

முழு எண்ணெயையும் மாற்றும்போது வண்டியைச் சிறிது ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி வடியுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேயுங்கள். கறுப்புப் பசை போல வழுவழுப்பாக இருந்தால் கவலையில்லை. அது இயல்பான தேய்மானம். நெல் உமி போன்ற செதில்கள் பேரிங்கையோ பற்களின் மேற்பரப்பையோ குறிக்கும். கோணல்மாணலான உலோகத் துண்டு கிடைத்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். உடைந்த ஒரு பல், அடுத்த பற்களுக்கு நடுவே சிக்கினால் உறையையே பிளந்துவிடும்.

எந்த எண்ணெய் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேடுதான் இறுதி வார்த்தை. பழைய மாடல்களுக்கு 90 எண் கியர் ஆயில் சொல்லப்பட்டிருக்கும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள புதிய வண்டிகளுக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய் வேண்டும். அதில் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் தட்டுகள் கிறீச்சிடும், பிடிப்பும் குறையும். இரண்டையும் கலக்கவும் கூடாது. அளவுக் குச்சியின் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை கூட வேண்டாம். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்ற எண்ணத்தில்தான் அந்த போல்ட் கதை ஆரம்பித்தது.

காதுக்கு எட்டுவது

சத்தத்தை வைத்துச் சொல்வதில் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் எங்களைப் போன்ற படித்தவர்களைவிடத் தேர்ந்தவர்கள். ஆனாலும் ஓர் ஒழுங்கில் கேட்டால் யாரும் சொல்லிவிடலாம். நேரே போகும்போது சத்தமில்லாமல், திரும்பும்போது மட்டும் கரகரத்தால் ஸ்டார் பினியன், அதன் ஊசி, வாஷர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அவை திரும்பும்போது மட்டும்தானே வேலை செய்கின்றன. இழுவையில் ஊளையிட்டு, ஆக்சிலேட்டரை விட்டதும் மாறினால் கிரவுன் பினியன் பற்களின் சேர்க்கை கெட்டிருக்கிறது. இழுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் பேரிங்கைச் சேர்ந்தது. சீரான இடைவெளியில் 'டக், டக்' என்றால் ஒரு பல் போயிருக்கிறது. கிளட்சை விடும்போது ஒரே ஒரு 'டங்' கேட்டால் எங்கோ பிளே கூடியிருக்கிறது; அது அச்சிலும் இருக்கலாம், கியர் பெட்டியிலும் இருக்கலாம்.

ஜாக்கி போடும்போது உயிர் ஊசலாடுகிறது

வீட்டில் செய்யும் வேலைகளில் ஆளை விழுங்கக்கூடியது இந்த இடம் ஒன்றுதான். 'கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன், வண்டி நகராது' என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு பின் சக்கரமும் தரையில் இருக்கும் வரை அது ஓரளவு உண்மை. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய அந்த நொடியிலேயே அது பொய்யாகிவிடும். கியர் கிரவுனை மட்டும்தான் பிடித்திருக்கிறது. தரையில் உள்ள சக்கரம் முன்னே உருண்டால், அந்தரத்தில் உள்ள சக்கரம் பின்னே சுழன்று டிபரன்ஷியல் அதற்கு இடம் கொடுத்துவிடும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி அடியில் இருப்பவர் மேல் விழும். பழைய வில்லீஸ் மாதிரி ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லாமல் நடுத் தண்டில் இருக்கும். அங்கே கை பிரேக்கையும் நம்ப முடியாது.

ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கனமான கட்டைகள் கொடுக்க வேண்டும். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஓர் ஊசியில் ஆடக்கூடியது. பின்புறத்தைத் தூக்கினால் முழு வண்டியும் அந்த ஊசியில் பக்கவாட்டாகச் சாயும். முன் அச்சுக்கும் அதன் மேல் தாங்கிக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடித்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள். தூக்கியதும் பின் உறைக்கடியில் தடித்த மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வண்டியை அவற்றின் மேல் உட்கார வையுங்கள். செங்கல்லும், நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் செம்புறாங்கல்லும் இதற்கு உதவாது. மேலிருந்து பாரம் ஏறும்போது சொல்லாமல் நொறுங்கும். ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுச் 'சத்தம் பார்ப்பது' அறவே கூடாது. அந்தரத்துச் சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அது தரையைத் தொட்டால் வண்டி பாய்ந்துவிடும்.

இரண்டு சக்கரங்களையும் பத்திரமாகத் தூக்கி நிறுத்திய பின் ஓர் எளிய சோதனை செய்யலாம். எஞ்சின் நின்றிருக்க, கியர் விழுந்திருக்க, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். நடுவில் சிக்கலோ சொரசொரப்போ தெரியக் கூடாது. இன்னொருவரை டிபரன்ஷியல் லாக் மிதியை அழுத்தச் சொல்லுங்கள். லாக் விழுந்ததும் சக்கரம் சுற்றக் கூடாது. பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஆட்டம் தெரிந்தால் அச்சு பேரிங் தளர்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தோடு புது சீல் போட்டால் ஒரு பருவம் கூடத் தாங்காது.

சீல் மாற்றுவது

அச்சு முனை சீல் மாற்றுவதை, கையேடும் நல்ல கருவிகளும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் வீட்டில் செய்யலாம். சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருந்தால் முதலில் அதை வடித்துவிடுங்கள். பெரிய பின் டயரில் நூறு லிட்டருக்கு மேல் நிற்கும். அந்தப் பாரத்தோடு சக்கரம் சாய்ந்தால் இரண்டு பேரால் தடுக்க முடியாது. எண்ணெயை வடித்த பிறகு உறையின் வெளிப்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, டீசலில் கழுவி, காய விடுங்கள். பிரித்த பின் உள்ளே விழும் ஒரு சிட்டிகை மண், பழைய சீல் செய்த கெடுதலைவிட அதிகம் செய்யும்.

அச்சுத் தண்டை வெளியே இழுக்கும்போது ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் வரும். எந்தப் பக்கம், எத்தனை, எந்த வரிசை என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பக்கவாரியாகக் கம்பியில் கோத்து வையுங்கள். நான் மாணவனாக இருந்தபோது பணிமனையில் இரண்டு பக்கத்து ஷிம்களையும் கழுவி ஒரே தட்டில் போட்டுவிட்டு, மாலை வரை ஒவ்வொன்றாக அளந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அளவுக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சீலின் திறந்த பக்கம், அதாவது சுருள் கம்பி தெரியும் பக்கம், எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். சுத்தியலால் நேரடியாக அடிக்காமல், சீலின் வெளி விளிம்பளவு உள்ள குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். தண்டின் முனையில் உள்ள வரிப் பற்கள் சீல் உதட்டைக் கீறும். அதைத் தடுக்க மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு, பிறகு தாளை உருவி எடுக்கலாம். தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தக் கம்பெனி சீலும் நிற்காது. அதை லேத் பட்டறையில் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

பழைய முறை உலர் பிரேக் உள்ள வண்டிகளில் சீல் கசிவைக் கையோடு கவனிக்க வேறொரு காரணமும் உண்டு. எண்ணெய் பட்ட பக்கத்துப் பிரேக் பிடிக்காது. இரண்டு மிதிகளையும் இணைத்துச் சாலையில் போகும்போது அவசரமாக மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும். பின்னால் கரும்பு ஏற்றிய டிரெய்லர் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இதற்கு மேல் வேண்டாம்

டிபரன்ஷியல் கூட்டையும் கிரவுன் பினியனையும் வீட்டில் பிரிக்க வேண்டாம். திறமையைக் குறைத்து மதிப்பிட்டுச் சொல்லவில்லை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். அவற்றின் பற்களுக்கு நடுவே விடும் பிளே, பல மாடல்களில் கால் மில்லிமீட்டர் அளவில்தான். அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜ் வேண்டும். பினியன் பேரிங்கின் இறுக்கத்தையும் அளந்துதான் வைக்க வேண்டும். கூடவே வண்டியின் பின் பாதியை அந்தரத்தில் பிரித்து நிறுத்தும் வசதி தேவை. முற்றத்து வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் கட்டிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததில் ஒரு கிளை முறிந்தது. நல்ல வேளையாக ஆள் விலகியிருந்தார்.

ஆனால் பட்டறைக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடம், வலம் குறியிட்டார்களா, ஷிம்களைத் தனித்தனியே வைத்தார்களா, புதிய ஜோடியின் எண்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருத்தி முடித்ததும் பற்களில் வண்ண மை தடவிச் சுற்றினால், பல்லின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று தடம் விழும். 'அண்ணே, மை தடத்தைக் காட்டுங்க' என்று கேளுங்கள். தடம் பல்லின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஓரத்திலோ நுனியிலோ விழுந்தால் மறுபடியும் சரிசெய்யத்தான் வேண்டும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். பழைய பேரிங்குகளை வீட்டுக்கு வாங்கி வந்து எதனால் போயிற்று என்று பாருங்கள். துருக் குழி என்றால் தண்ணீர். கீறல் என்றால் மண். நீலம் பாரித்திருந்தால் எண்ணெய்ப் பஞ்சம். காரணத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் மாற்றினால், அந்தப் பட்டறைக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

ஓட்டும் பழக்கம்

வரப்போரத்தில் ஒற்றைப் பிரேக்கை மிதித்து, எஞ்சினை உறும விட்டு, நின்ற இடத்தில் சுழற்றுவதை இளைஞர்கள் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். ஒரு சக்கரம் நிற்க, மற்றது இரட்டிப்பு வேகத்தில் சுற்ற, முழு பாரமும் ஸ்டார் பினியன் ஊசியில் இறங்குகிறது. வேகத்தைக் குறைத்து, சற்று அகலமாகத் திரும்பினால் ஏக்கருக்குச் சில நிமிடம்தான் கூடும். லாக் மிதியைச் சக்கரம் வழுக்கத் தொடங்கும் முன்போ, கிளட்சை மிதித்துச் சக்கரம் நின்ற பிறகோதான் போட வேண்டும். வெறும் சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் பற்கள் உடையும். லாக் விழுந்த நிலையில் திரும்பவே கூடாது. காலை எடுத்தும் லாக் விடவில்லை என்றால், வண்டியை நிறுத்திச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தினால் பெரும்பாலும் விடுபடும். டயருக்கு வெளியே மாட்டும் அரைக் கேஜ் வீல், அச்சு முனையிலிருந்து பாரத்தைத் தள்ளி வைப்பதால் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல் அழுத்தும். வயலை விட்டு ஏறியதும் கழற்றிவிடுங்கள்.

காய்கறியும் நெல் மூட்டையும் ஏற்றும் பொலேரோ பிக்கப், டாடா ஏஸ் போன்ற வண்டிகளுக்கும், சில வீட்டுக் கொட்டகைகளில் இன்னும் நிற்கும் அம்பாசடர் கார்களுக்கும் பின் அச்சில் டிபரன்ஷியல் உண்டு. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால் உதிரிகளைப் பார்த்து வாங்க வேண்டும். பிரீதர், சீல், ஜாக்கி பற்றிச் சொன்னவை இவற்றுக்கும் பொருந்தும். எண்ணெய் மட்டும் வேறு. இப்படிப்பட்ட பல அச்சுகளில் பினியன் கிரவுனின் நடுமையத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்யும். அதற்கென்று மருந்து சேர்த்த ஹைபாய்டு கியர் ஆயில்தான் தாங்கும். எஞ்சின் ஆயில் ஒரு நாளும் ஆகாது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் முன் சக்கர இழுவை. அவற்றில் இந்த அமைப்பு கியர் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வீட்டில் தொட எதுவும் இல்லை.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், மூடிய டின்னில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு ஏற்ற காலம் ஆனி, ஆடி மாதங்கள். மழை தொடங்கிய பின் மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார், உதிரியும் கிடைக்காது. வண்டியின் கையேடு தொலைந்துபோயிருந்தால், மாடல் பெயரையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு விற்பனையாளரிடம் இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பராமரிப்பு பற்றிய ஐயங்களுக்குச் சிவகங்கை மாவட்டத்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களை அணுகலாம். போகும்போது டம்ளரில் பிடித்த எண்ணெயைச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தேதி எழுதி எடுத்துச் செல்லுங்கள்.